வயிற்றுக்குள் நடந்த சண்டையும் குழலி டாக்டரும்

வாலாஜாபாத்தில் ரயில்வே கேட் மூடியிருந்தது. காஞ்சிபுரம் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். முன்னால் நெல் மூட்டை ஏற்றிய லாரிகள் நின்றுகொண்டிருந்தன. அப்போதுதான் கைபேசி அடித்தது. திரையில் நடராஜன் என்ற பெயரைப் பார்த்ததும் எடுக்கத் தயங்கினேன். அவர் குழலி டாக்டரின் தம்பி. அந்த வாரத்தில் எந்த நேரமும் அந்த அழைப்பு வரலாம் என்று எனக்குத் தெரியும். முன்பே தெரிந்திருப்பதால் துக்கத்தில் எதுவும் குறைவதில்லை என்பது அன்றைக்குத்தான் புரிந்தது.

"அக்கா போயிட்டாங்க மேடம். காபி வேணுமான்னு கேக்கத்தான் போனேன்" என்றார். கேட் திறந்து பஸ் நகர்ந்தது. பக்கத்து இருக்கையில் இருந்த அம்மாள் என்னைப் பார்த்து, வீட்டில் யாருக்காவது ஏதாவதா என்று மெதுவாகக் கேட்டார். கூட வேலை செய்தவர் என்று சொல்ல வாயெடுத்தேன். அது போதாது என்று தோன்றியதால் தலையை மட்டும் ஆட்டினேன்.

பிள்ளையார்பாளையத்தில் அவர் வீடு இருந்த தெருவில் அன்று தறிச் சத்தம் இல்லை. வாசலில் போட்ட பந்தல் போதாமல் ஆட்கள் எதிர் வீடுகளின் படிகளில் உட்கார்ந்திருந்தார்கள். பாதிப் பேர் அவருடைய நோயாளிகள். வயிற்று வலி என்று ஒருமுறை அவரிடம் போய்விட்டால் அந்த வீட்டில் மற்றவர்களையும் சோதிக்காமல் அவர் விடமாட்டார் என்பதால், குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். இதைப் படிக்கும் உங்களில் பலரை அங்கே பார்த்தேன். பேசும் நிலையில் நான் இல்லை. அன்று பேசாததைத்தான் இப்போது எழுதுகிறேன்.

அவருடைய முழுப்பெயர் ஏலவார்குழலி. ஏகாம்பரநாதர் கோயில் அம்மனின் பெயர். பட்டு நெய்யும் குடும்பத்தில் பிறந்து, மருத்துவம் படித்து, இரைப்பையும் குடலும் தன் துறை என்று எடுத்துக்கொண்டு சொந்த ஊருக்கே திரும்பி வந்தவர். சென்னையில் இருந்திருக்கலாமே என்று யாராவது கேட்டால், வயிறு இங்கேயும்தானே இருக்கிறது என்பார். நான் நஸீமா. நோயாளியின் உடலிலிருந்து எடுத்த சதைத் துணுக்கை மெல்லிய சீவலாக வெட்டி, நிறமேற்றி, நுண்ணோக்கியில் பார்த்து, என்ன நோய் என்று சொல்வது என் வேலை. அவர் வாய் வழியாகக் குழாய் விட்டு இரைப்பையின் உள்சுவரிலிருந்து எடுத்தனுப்பும் துணுக்குகளை இருபது வருடத்துக்கும் மேலாக நான்தான் பார்த்து வந்தேன்.

எங்கள் நட்பு சண்டையில் தொடங்கியது. அப்போது எல்லோரும் எழுதுவதைப் போல நானும் 'நாள்பட்ட இரைப்பை அழற்சி' என்று ஒரு வரியில் அறிக்கை எழுதி அனுப்பிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் மதியம் அவர் என் அறிக்கைகளைக் கையில் எடுத்துக்கொண்டு நேராக லேப்புக்கு வந்துவிட்டார். "இது யாருக்குத்தான் இல்ல நஸீமா? இந்த ஊர்ல பாதிப் பேருக்கு நீ பாக்காமலே இதை எழுதலாம். ஏன் வந்துக்கினு இருக்குதுன்னு எழுதுமா" என்றார். எனக்குக் கோபம் வந்தது. ஏன் என்று எழுதினால் மட்டும் நீங்கள் கொடுக்கும் மாத்திரை மாறிவிடுமா என்று கேட்டேன். மாறும் என்றார். எங்களுக்காக வந்த டீ ஆறி, ஏடு படிந்துபோகும் வரை வாதம் செய்தோம். கிருமி இருக்கிறதா, எந்த வகை அணுக்கள் வந்திருக்கின்றன, எவ்வளவு வந்திருக்கின்றன, சுவர் மெலிந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றும் அவருக்குத் தனித்தனியாக வேண்டும். எனக்கு அது இன்னொரு சாயம், இன்னொரு கண்ணாடித் தகடு, இன்னும் கொஞ்சம் கண்வலி. எரிச்சலோடுதான் ஒப்புக்கொண்டேன். சில மாதங்களில் அப்படிப் பார்க்காமல் அறிக்கை எழுத எனக்கே கை வரவில்லை.

அவர் எதற்காக இதையெல்லாம் கேட்டார் என்று சொல்ல, அந்தக் கிருமியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஹெலிகோபாக்டர் என்பது அதன் பெயர். திருகிவிட்ட நூல் துண்டு போல இருக்கும். பெரும்பாலும் சிறு வயதில், வீட்டுக்குள்ளேயே ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றிவிடும். இரைப்பையின் அமிலத்தில் மற்றக் கிருமிகள் செத்துப்போகும். இது தன்னைச் சுற்றி அமிலத்தை முறிக்கும் சரக்கை உண்டாக்கிக்கொண்டு, சுவரின் மேல் படர்ந்திருக்கும் வழுவழுப்பான சளிப் படலத்துக்குள் புதைந்துகொள்ளும். அங்கிருந்து சுவரின் அணுக்களைச் சீண்டும். சீண்டப்பட்ட அணுக்கள் உதவிக்கு ஆள் கேட்டுச் செய்தி அனுப்பும். இரத்தத்திலிருந்து வெள்ளை அணுக்கள் கிளம்பி வரும். முதலில் வருபவை வேகமானவை. எதிரியின் மேல் கொட்டவேண்டிய நஞ்சைக் கையோடு கொண்டு வருபவை. ஆனால் கிருமி இருப்பது சளிக்குள். அதைச் சரியாக எட்ட முடியாமல் அந்த நஞ்சு நம் சுவரின் மேலேயே கொட்டுகிறது. அடுத்து லிம்போசைட் என்கிற அணுக்கள் வந்து அங்கேயே தங்கிவிடும். கிருமியும் போவதில்லை, வந்தவர்களும் போவதில்லை. பல பேருக்கு இது வாழ்நாள் முழுக்க நடந்தும் வெளியே தெரியாது. சிலருக்குப் புண்ணாகும். மிகச் சிலருக்கு அதைவிட மோசமான ஒன்றாகும்.

இதை அவர் நோயாளிகளிடம் சொல்வதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். "வயித்துல எரியறது நீ தின்ன மொளகா இல்லப்பா. உள்ள சண்ட நடக்குது. கிருமி கெடுத்தது கொஞ்சம், அதப் புடிக்க வந்தவங்க ஒடைச்சதுதான் நெறைய" என்பார். அப்படிச் சொல்லும்போது நோயாளியின் முகத்தில் வரும் மாற்றத்துக்காகவே அவர் அதைச் சொன்னார் என்று நினைக்கிறேன். வயிற்று வலிக்காரர்களை வீட்டில் எல்லோரும் திட்டியிருப்பார்கள். நேரத்துக்குச் சாப்பிடவில்லை, காரம் தின்றாய், கவலைப்பட்டாய், உன்னால்தான் வந்தது என்று. அந்தப் பழியை முதலில் இறக்கிவைத்துவிட்டுத்தான் மருந்து எழுதத் தொடங்குவார்.

திலகவதி எனக்கு அறிமுகமானது அப்படித்தான். காந்தி ரோட்டில் ஒரு பட்டுப்புடவைக் கடையில் விற்பனைப் பிரிவில் வேலை. கல்யாணக் கூட்டம் வந்தால் மாலை வரை சாப்பிட முடியாது. வாயு என்று சோடா குடித்து, அல்சர் என்று வெள்ளை மருந்து குடித்து, உடம்பு இளைத்த பிறகுதான் குழலி டாக்டரிடம் வந்தார். கணவர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார், பள்ளியில் படிக்கும் இரண்டு பெண்கள். குழாய் விட்டு எடுத்த துணுக்கு ஒன்றை டாக்டர் மஞ்சள் நிற ஜெல்லில் வைத்து மேஜை மேல் வைத்தார். கிருமி இருந்தால் அது அடர் இளஞ்சிவப்பாக மாறும். மாறியது. மாம்பழக் கலர் ராணி கலராகிறதே என்று திலகவதி வியந்தாராம். புடவைக் கடையில் வேலை செய்பவர் அல்லவா. பிறகுதான் தயங்கி, நேரத்துக்குச் சாப்பிடாமல் நானே கெடுத்துக்கொண்டேனா என்று கேட்டிருக்கிறார். "நீ ஒண்ணும் கெடுத்துக்கலமா. இது நீ பாவாட கட்டிக்கினு திரிஞ்ச காலத்துல வந்தது" என்று இவர் சொன்னதும் அவர் அழுதுவிட்டார்.

அவருடைய மற்றத் துணுக்குகள் என்னிடம் வந்தன. தகட்டை வைத்துப் பார்த்தேன். லிம்போசைட்டுகள் வழக்கமாகக் கூடுவதைப் போலக் கூடியிருக்கவில்லை. ஒரே மாதிரியான அணுக்கள் பாய் விரித்ததைப் போலப் பரவி, சுரப்பிகளுக்குள் புகுந்து அவற்றைச் சிதைத்திருந்தன. சென்னையில் செய்த சிறப்புச் சோதனைகளும் அதையே சொல்லின. கிருமியோடு சண்டை போட வந்த அணுக்களே புற்றாக மாறியிருந்தன.

நான் போனில் சொன்னதும் குழலி டாக்டர் கிளம்பி வந்தார். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி இரைப்பையை எடுத்துவிடுவதுதான் பத்திரம் என்று நான் சொன்னேன். அவர் நீண்ட நேரம் நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பரவியிருக்கிறதா என்று முதலில் பார்ப்போம் என்றார். திலகவதியைத் தானே சென்னைக்கு அழைத்துப் போனார். ஸ்கேனில் கட்டி இரைப்பையைத் தாண்டவில்லை என்று தெரிந்தது. அங்கிருந்த அறுவை மருத்துவர் எடுத்துவிடலாம் என்றார். புற்றுநோய் மருத்துவர், இந்த வகையில், இந்த நிலையில், முதலில் கிருமியை ஒழித்துப் பார்ப்பதே முறை, ஆனால் ஒரு பரிசோதனையைக்கூடத் தவறவிடக் கூடாது என்றார். குழலி டாக்டர் எண்ணியிருந்ததும் அதுதான்.

திலகவதியின் அண்ணன் அதை ஏற்கவில்லை. அன்று கிளினிக்கில் நானும் இருந்தேன். கேன்சருக்கு யாராவது மாத்திரையைக் கொடுத்துவிட்டு வேடிக்கை பார்ப்பார்களா என்று அவர் குரலை உயர்த்தினார். திலகவதி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். குழலி டாக்டர் அண்ணனுக்குப் பதில் சொன்ன விதம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

"அந்தக் கிருமி தூண்டித் தூண்டித்தான் இதுங்க பெருகுது, தம்பி. தூண்டறத எடுத்துட்டா இதுங்க அடங்கும்னு நம்பறேன். அடங்கலன்னா நானே கூட வந்து ஆபரேஷனுக்குச் சேர்க்கறேன்."

"கண்டிப்பா அடங்குமா?"

"கண்டிப்பான்னு சொல்ல மாட்டேன். முயற்சி பண்ணாம வயித்த அறுத்து எடுத்துட்டா, அப்புறம் திருப்பி வெக்க முடியாதுபா."

முடிவைத் திலகவதிதான் எடுத்தார். மாத்திரை சாப்பிடுகிறேன் என்று தலை நிமிராமலே சொன்னார்.

இரண்டு வார மருந்து அது. வாயெல்லாம் இரும்பைச் சப்பியதைப் போலக் கசக்கும், வயிறு கலங்கும், பாதிப் பேர் நடுவில் நிறுத்திவிடுவார்கள். முகூர்த்த மாதம் வேறு. திலகவதி ஒரு வேளைகூட விடவில்லை. குழலி டாக்டரும் ஒரு நாள்கூடப் போன் செய்யாமல் இருக்கவில்லை. அதன் பிறகு எடுத்த முதல் துணுக்கில் கிருமி இல்லை. ஆனால் அந்த அணுக்கள் அப்படியே இருந்தன. அதைச் சொல்ல நான் போனபோது அவர் கிளினிக்கில் தனியாக உட்கார்ந்திருந்தார். கேட்டுவிட்டு, தான் தப்பாகச் சொல்லிவிட்டேனா என்று என்னிடம் கேட்டார். நான் தைரியம் சொல்வதாக நினைத்துக்கொண்டு, அடங்குவதற்கு மாதக்கணக்கில் ஆகலாம் என்று சயின்ஸ் சொல்கிறதே என்றேன். "சயின்ஸ் வந்து அவ பொண்ணுங்கள வளக்காது நஸீமா" என்றார். அவர் பயந்து நான் பார்த்தது அன்றுதான். நோயாளிகள் முன்னால் அந்தப் பயத்தை ஒருநாளும் காட்டியதில்லை.

அடுத்த முறை பார்த்தபோது கொஞ்சம் குறைந்திருந்தது. அதற்கடுத்த முறை இன்னும் குறைந்தது. ஒரு வருடம் ஆகப்போகும் நேரத்தில் வந்த தகட்டில் நான் தேடித் தேடிப் பார்த்தேன். கூட்டம் இருந்த இடத்தில் வெறும் நார்த் திசு மட்டும் மிச்சம் இருந்தது. எனக்கே நம்பிக்கை வராமல் துணுக்கை இன்னும் ஆழமாக வெட்டச் சொல்லிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. போன் செய்து சொன்னேன். குழலி டாக்டர், இன்னொரு தடவை சொல்லு என்றார். சொன்னேன். திலகவதி வந்தபோது அவருடைய அண்ணனும் வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். செய்தி கேட்ட திலகவதி டாக்டரின் மேஜை மேல் தலையைச் சாய்த்துக்கொண்டு வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. டாக்டர் அவர் முதுகில் கையை வைத்தபடி அடுத்த நோயாளியைக் காத்திருக்கச் சொன்னார். அண்ணன் உள்ளே வந்தார். கைகூப்பிவிட்டு, தங்கையை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்.

இத்தோடு முடித்துவிட முடிந்தால் நன்றாக இருக்கும்.

குழலி டாக்டருக்கும் அந்தக் கிருமி இருந்தது. தொழில் தொடங்கிய காலத்தில் தன்னைத் தானே சோதித்துத் தெரிந்துகொண்டு, மருந்து சாப்பிட்டு, ஒழித்துவிட்டிருந்தார். ஆனால் குழந்தையாக இருந்தபோதே வந்திருக்க வேண்டும். அதுவரை நடந்த சண்டையில் இரைப்பைச் சுவர் மெலியத் தொடங்கியிருந்தது. அதனால் சில வருடங்களுக்கு ஒருமுறை செங்கல்பட்டில் ஒரு நண்பரிடம் குழாய் விட்டுப் பார்த்துக்கொள்வார். கொரோனா வந்தது. அது போனதும் அவருடைய அம்மா படுக்கையில் விழுந்தார். அம்மாவைத் திருப்பிப் படுக்க வைப்பதும் கிளினிக்குக்கு ஓடுவதுமாகக் காலம் போனது. தன் பரிசோதனையை அடுத்த மாதம் அடுத்த மாதம் என்று தள்ளிவைத்தார். அம்மா போன பிறகு அவர் இளைத்தபோது துக்கத்தினால் என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம். அவரும் அப்படித்தான் நினைத்தாரா என்று எனக்குத் தெரியாது.

ஒரு நாள் காலை அவரே ஒரு சிறு புட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு லேப்புக்கு வந்தார். வழக்கமாக ஆள் மூலம்தான் அனுப்புவார். யாருடையது அக்கா என்று கேட்டேன்.

"என்னுது. செங்கல்பட்டுல எடுத்தது" என்றார். "வேற யாராண்டயும் குடுக்கப் புடிக்கல. நீ பாரு."

துணுக்கைப் பதப்படுத்தி வெட்டி எடுக்க மறுநாள் ஆகும். மறுநாள் நான் லேப்பைத் திறப்பதற்கு முன்பே வந்து வாசலில் நின்றிருந்தார். என் நுண்ணோக்கியில் இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து பார்க்கலாம். நீங்கள் பார்க்க வேண்டாம், நான் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். அவர் எதிரே இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். தகட்டை வைத்தேன். முதலில் குடலில் இருக்கவேண்டிய அணுக்கள் இரைப்பையில் முளைத்திருந்ததைப் பார்த்தேன். நாள்பட்ட சேதத்தின் அடையாளம் அது. தகட்டை நகர்த்தினேன். ஒழுங்கு தப்பிய சுரப்பிகள், ஒன்றை ஒன்று நெருக்கிக்கொண்டு, கீழ்நோக்கி இறங்கியிருந்தன. புற்றுதான். அவருக்கும் தெரிந்திருந்தது.

"கிருமி இருக்குதா?" என்று கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"இல்லக்கா."

"சண்டைக்கு வந்த செல்ஸ் ஏதாச்சும்?"

"அங்கங்க ரெண்டொண்ணு. கூட்டமில்ல."

"அப்ப சண்ட எப்பவோ முடிஞ்சிட்டிருக்குது. ஒடைய வேண்டியது அதுக்கு முன்னாலயே ஒடைஞ்சிடுச்சி" என்றார். எனக்குத்தான் அழுகை வந்தது. நான் அழுது முடிக்கும் வரை எதிரே உட்கார்ந்திருந்தார். பிறகு கைபேசியை எடுத்துத் தம்பியை அழைத்து, நீயும் பிள்ளைகளும் இன்றைக்கே கிளினிக்குக்கு வாருங்கள், வயிற்றைச் சோதிக்க வேண்டும் என்றார். எதற்கு என்று நடராஜன் கேட்டிருக்க வேண்டும். வாருங்கள், சொல்கிறேன் என்று வைத்துவிட்டார். தன் நோயைப் பற்றி வீட்டில் அவர் முதலில் சொன்னது அந்த விதத்தில்தான். நடராஜனுக்குக் கிருமி இருந்தது. சுவர் இன்னும் கெடவில்லை. அக்காவே அவருக்கு மருந்து எழுதிக்கொடுத்தார்.

சென்னையில் அறுவை நடந்தது. இரைப்பையில் பெரும்பகுதியை எடுத்துவிட்டார்கள். புற்றுக்கான ஊசி மருந்துகள் ஏற்றினார்கள். நடுவில் சில மாதங்கள் நன்றாக இருந்தார். ஒரு கைப்பிடி சாதத்தைப் பல முறையாகப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டு மறுபடியும் கிளினிக்கில் உட்கார்ந்தார். தலையில் ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு வந்த டாக்டரைப் பார்த்து நோயாளிகள் தங்கள் வலியைச் சொல்லக் கூச்சப்பட்டார்கள். அவர்தான் அதட்டிச் சொல்லவைப்பார். பிறகு வயிற்றில் நீர் கோத்துக்கொண்டது. புற்று பரவிவிட்டது என்று எங்கள் இருவருக்கும் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கிளினிக்கைப் பூட்டிச் சாவியைத் தம்பியிடம் கொடுத்தார்.

அந்த நாட்களில் திலகவதி அடிக்கடி கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு வருவார். குடிக்க முடியாது என்று அவருக்கும் தெரியும். ஒரு மாலை நான் அங்கிருந்தபோது, அடக்கி வைத்திருந்ததைக் கேட்டுவிட்டார். "எனக்குக் கரைஞ்சிச்சே டாக்டர். உங்களுக்கு ஏன் கரைய மாட்டேங்குது?"

அறையில் இருந்த யாரும் கேட்கத் துணியாத கேள்வி அது. குழலி அக்கா அவரைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். மூச்சு வாங்கியதால் நிறுத்தி நிறுத்திப் பேசினார்.

"உனக்குக் கெட்டுப்போனது சண்டைக்கு வந்த ஆளுங்கமா. சண்ட நின்னதும் அடங்கிட்டாங்க. எனக்கு வீட்டு ஆளுங்களே கெட்டுட்டாங்க. அவங்களுக்கு இனிமே யாரும் தூண்டி விட வேணாம். தானா நடந்துக்கினு போவுது." பிறகு, "நீ வருசா வருசம் போயிக் காட்டிக்கினே இரு. நான் இல்லன்னு விட்டுடாத" என்றார்.

திலகவதி கஞ்சிப் பாத்திரத்தின் மூடியைத் திருகித் திருகி மூடிக்கொண்டிருந்தார். நான் படித்த எந்தப் பாடத்திலும் அந்த வேறுபாட்டை இவ்வளவு தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. சாகக் கிடக்கும் ஒருவர் பிழைத்த ஒருவருக்கு, அவர் குற்ற உணர்வு கொள்ளாதபடி அதைச் சொல்ல வேண்டியிருந்தது என்பதை நினைத்தால் இப்போதும் தாங்கவில்லை.

கடைசி வாரங்களில் வேலை முடிந்து பஸ் ஏறுவதற்கு முன் தினமும் அவர் வீட்டுக்குப் போனேன். போனதும் அவர் கேட்பது ஒன்றுதான், இன்றைக்கு என்ன பார்த்தாய் என்று. முதலில் நல்லவற்றை மட்டும் பொறுக்கிச் சொன்னேன். அதைக் கண்டுபிடித்துவிட்டு, வடிகட்டாமல் சொல் என்றார். தைராய்டு, குடல்வால், மார்பகக் கட்டி என்று எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். சில நாள் நடுவிலேயே தூங்கிவிடுவார்.

ஒரு நாள் ஒரு கல்லூரி மாணவியின் இரைப்பைத் துணுக்கு வந்திருந்தது. வீட்டில் யாருக்கோ புற்று வந்திருந்ததால் பயந்துபோய்ப் பரிசோதிக்க வைத்திருந்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது, அக்கா, சொல்ல ஒன்றுமில்லை என்றேன். அவர் கண்ணைத் திறந்தார். "அதத்தான் சொல்லு. எப்படி இருந்திச்சி?"

இயல்பாக இருப்பதை விவரித்துச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. யோசித்து யோசித்துச் சொன்னேன். மேல் வரிசை அணுக்கள் ஒரே உயரத்தில், ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக, இடைவெளி இல்லாமல் இருந்தன. அந்த வரிசையில் அங்கங்கே சின்னச் சின்னப் பள்ளங்கள். அவற்றின் அடியில் சுரப்பிகள் நேராக இறங்கியிருந்தன. நடுவில் இருந்த இடமெல்லாம் வெளிறி, அமைதியாகக் கிடந்தது. அவர் நடுவில் ஒருமுறை மட்டும் கேட்டார்.

"யாரும் வரலையா?"

"யாரும் வரலக்கா."

"நல்லா இருக்கட்டும்" என்றார். அந்தப் பெண்ணின் பெயரைக்கூட அவர் கேட்கவில்லை. அதற்குப் பிறகு எங்களுக்குள் நடந்த பேச்சு எதுவும் எனக்குச் சரியாக நினைவில்லை. வலி மருந்தின் மயக்கத்தில்தான் பெரும்பாலும் இருந்தார். அந்த வாரமே நடராஜனின் அழைப்பு வந்தது.

என் வேலையில் இயல்பான தகட்டுக்கு யாரும் நேரம் செலவழிப்பதில்லை. நோய் இல்லை என்று தெரிந்ததும் நகர்த்திவிட்டு அடுத்ததை எடுப்போம். இத்தனை வருடங்கள் நானும் அப்படித்தான் செய்தேன். இப்போது முடியவில்லை. எதுவும் கெடாத ஒரு சுவரைப் பார்த்தால், அதற்குப் பின்னால் எங்கோ ஒருவர் இன்றைக்குப் பசித்துச் சாப்பிடப் போகிறார் என்று நினைத்துக்கொண்டு அதையே கொஞ்ச நேரம் பார்க்கிறேன். குழலி அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது இதுதான். அறிக்கையை மற்றவற்றோடு கட்டி அனுப்புவதோடு விடாமல், நோய் இல்லாதவர்களுக்கு நானே போன் செய்தும் சொல்கிறேன்.

நேற்று அப்படி ஒருவருக்குச் சொன்னேன். ஏதோ பட்டறையில் வேலை செய்பவர் போலிருந்தது. பின்னால் இரும்பு அடிக்கும் சத்தம் கேட்டது. அப்படியென்றால் ஒன்றும் இல்லையா மேடம் என்று இரண்டு முறை கேட்டார். ஒன்றும் இல்லை என்றேன். அவர் வைத்துவிட்டார். மாலை ஆகியிருந்தது. லேப்பைப் பூட்டிக்கொண்டு தெருவுக்கு வந்தேன். இன்றைக்கு என்ன பார்த்தேன் என்று சொல்வதற்கு ஆளில்லாமல், பஸ் வந்து போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.